பாட்டிலில் ஏறிய தாத்தா

காம்பவுண்டுச் சுவருக்குள் காலிப் பாட்டில் வீசுகிறவனின் கையை ஒடிக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டேதான் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் நரசிம்மலு அதைப் பொறுக்குவார். துடியலூரில் மேட்டுப்பாளையம் ரோட்டை ஒட்டி அவருடைய பவுண்டரி. பம்புசெட்டுக்கு வார்ப்பு போடுகிற இடம். சனிக்கிழமை இரவு ரோட்டில் நின்று குடிக்கிறவன் எவனுக்கும் அந்தச் சுவரைப் பார்த்தால் கை சும்மா இருக்காது. வாட்ச்மேனை விட்டே பொறுக்கச் சொல்லலாம். ஆனால், திட்டுகிற வாய்ப்பை அடுத்தவருக்கு விட்டுக்கொடுக்கிற ஆள் இல்லை அவர்.

அந்த ஞாயிற்றுக்கிழமை குனிந்தவர் நிமிரவில்லை. பாட்டிலில் தாத்தா இருந்தார்.

அதே தலைப்பா, கழுத்து மூடிய அதே கோட்டு, முறுக்கிவிட்ட மீசை, கைத்தடி மேல் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்த கைகள், இடப்பக்கம் லேசாகச் சாய்ந்த தலை. வீட்டு ஹாலில் சந்தன மாலைக்குள் இருக்கிற கோவிந்தராஜுலு தாத்தா, ‘ஓல்டு மிராசு ரம்’ என்ற எழுத்துக்குக் கீழே உட்கார்ந்துகொண்டு பேரனை முறைத்துப் பார்த்தார். இத்தனை வருடம் நகத்தளவு இருந்த படத்தை, நாற்பதாவது ஆண்டு விழா என்று சொல்லி உள்ளங்கை அகலத்துக்குப் பெரிதாக்கிவிட்டிருந்தது கம்பெனி.

யார் அந்தத் தாத்தா? கள்ளுக்கடை வாசலில் பாயை விரித்துப் படுத்து, குடிக்கிறவன் என்னை மிதித்துவிட்டுப் போகட்டும் என்று சொன்ன மனுசன். யாரும் மிதிக்கவில்லை. கடைக்காரன்தான் பொழைப்பு கெட்டுப்போய்க் கடையைக் கட்டினான். அப்பேர்ப்பட்டவரைக் கொண்டுபோய் ரம் பாட்டிலில் ஒட்டியிருக்கிறார்களே, இவர்கள் உருப்படுவார்களா? நரசிம்மலுவுக்கு உச்சந்தலை கொதித்தது. கோபம் அளவு தாண்டினால் அவருக்கு வாயில் தெலுங்குதான் வரும். அன்றைக்கு வந்த தெலுங்கில் வாட்ச்மேன் கேட்டை விட்டு எழுந்து ரோட்டுப் பக்கம் போய்விட்டார்.

கோபத்துக்குப் பின்னாலேயே பயமும் வந்தது. மகள் பிரத்யுஷாவுக்கு ஐப்பசியில் நிச்சயம். பையன் ரித்விக், காரமடை லட்சுமணசாமியின் மகன். கூடப் படித்து, பிடித்துப்போய், இரண்டு வீட்டையும் சம்மதிக்க வைப்பதற்குள் இரண்டு பேரும் படாத பாடு பட்டிருந்தார்கள். லட்சுமணசாமி வீட்டில் குடி என்ற பேச்சே ஆகாது. இருமல் மருந்து வாங்கினாலும் அதில் என்ன கலந்திருக்கிறது என்று படித்துப் பார்த்துவிட்டுத்தான் மூடியைத் திறப்பார்களாம். ரங்கநாதர் கோயிலில் வைத்துப் பெண் பார்த்தபோது அவர் நகை கேட்கவில்லை, நட்டு கேட்கவில்லை. உங்கள் வம்சத்தில் குடி உண்டா என்று ஒன்றே ஒன்றுதான் கேட்டார். நரசிம்மலு நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு கள்ளுக்கடைக் கதையைப் பாய் விரித்ததிலிருந்து சொன்னார். அந்தத் தாத்தாதான் இப்போது பாட்டிலில் இருக்கிறார். சம்பந்தி கண்ணில் பட்டால் கல்யாணம் அவ்வளவுதான்.

திங்கட்கிழமை காலை சூப்பர்வைசர் திருமலைசாமியைக் கூப்பிட்டு, துடியலூர்க் கடையில் இருக்கிற ஓல்டு மிராசு அத்தனையையும் வாங்கிவரச் சொன்னார். ஒரே ஆளுக்கு அவ்வளவு தர மாட்டார்கள் என்றதும், ஆள் மாற்றி ஆள் அனுப்பினார். வந்த சரக்கை மூடி திறந்து சாக்கடையில் ஊற்றினார்கள். மோல்டிங் பிரிவு ஆட்கள் வேலையை நிறுத்திவிட்டு வந்து, சாவு வீட்டு வாசலில் நிற்பதுபோல் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நரசிம்மலு அவரையும் திட்டினார்.

அடுத்த வாரம் திருமலைசாமி வந்து தலையைச் சொறிந்தார்.

“துடியலூர்ல மிராசு அள்ளிக்கிட்டுப் போவுதுன்னு லாரி நெறைய எறக்கியிருக்காங்க மொதலாளி. மத்த சரக்கையெல்லாம் உள்ளே தள்ளிப்போட்டு, தாத்தாவைத்தான் முன்னாடி அடுக்கி வெச்சிருக்காங்க.”

“தாத்தாவா?”

“கடையில எல்லாரும் அப்படித்தானுங்க கேக்கறாங்க. தாத்தா ஒண்ணு குடுங்கன்னு.”

இதற்குமேல் பொறுப்பதற்கு அவர் என்ன மரக்கட்டையா? ஹாலில் இருந்த படத்தைக் கழற்றித் துண்டில் சுற்றிக்கொண்டு, அவினாசி ரோட்டில் இருக்கிற கம்பெனி ஆபீசுக்கே போய்விட்டார். கிளம்பும்போது மனைவி ராமாமணி, “ஏனுங்க, ஊதாம இருந்தா தானா அணைஞ்சு போயிருமுங்க” என்றார். நரசிம்மலு அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அங்கே இருந்த அதிகாரி பெயர் சுரேந்தர். பொள்ளாச்சிப் பக்கத்துப் பையன். இவர் போட்ட சத்தத்தை எல்லாம், சரிங்க, சரிங்க என்று கேட்டுக்கொண்டான். குளிர்ந்த தண்ணீர் வரவழைத்தான். கத்துகிறவனுக்கு எதிரில் மரியாதையாக உட்கார்ந்திருப்பவனைப் போல எரிச்சல் மூட்டுகிறவன் உலகத்தில் இல்லை.

“படத்துல இருக்கறது யாருன்னு எங்களுக்கே தெரியாதுங்க. கம்பெனி ஆரம்பிச்ச மொதலாளி எங்கிருந்தோ கொண்டாந்து குடுத்தாராம். அவரு போயே ரொம்ப வருசமாச்சு. இது உங்க தாத்தாதான்னு எப்படீங்க சொல்றீங்க?”

“என்ர தாத்தாவை எனக்குத் தெரியாதா?”

“கோவிச்சுக்காதீங்க. அந்தக் காலத்துல ஸ்டுடியோவுல ஒரே கோட்டு, ஒரே தலைப்பாதானுங்க இருக்கும். வாரவங்க எல்லாத்துக்கும் அதையே மாட்டி உட்டுப் படம் புடிப்பாங்க. மீசை சன்னமா இருந்தா பென்சில்ல இழுத்துக்கூட உடுவாங்களாமா. வேற ஆராச்சும் பெரியவரா இருக்கலாமுங்க.”

பாருங்கள், எவ்வளவு நல்ல பையன். கதவைத் திறந்து வைத்து, இப்படியே போய்விடுங்கள் என்கிறான். ஆமாம் தம்பி, வேறு யாரோதான் போலிருக்கிறது என்று சொல்லிவிட்டு நரசிம்மலு எழுந்து வந்திருந்தால் எல்லாம் அங்கேயே முடிந்திருக்கும். ஆனால், தாத்தா இரவல் கோட்டுப் போட்டவர் என்று ஒருத்தன் சொன்ன பிறகு அவரால் எழுந்திருக்க முடியுமா?

“எங்க தாத்தா ஊரான் கோட்டைப் போடறவரா?” என்று கேட்டு மேசையில் ஓர் அடி அடித்தார். துண்டை அவிழ்த்துப் படத்தைப் பாட்டிலுக்குப் பக்கத்தில் நிறுத்தினார். மூக்கைப் பார், காதைப் பார், விரலைப் பார் என்று காட்டினார். கள்ளுக்கடை, பாய், ஊர், வருடம் எல்லாம் சொன்னார். அரை மணி நேரத்தில் சுரேந்தர் ஒப்புக்கொண்டான். இது கோவிந்தராஜுலுவேதான். நரசிம்மலு ஜெயித்துவிட்டார்.

படத்தை எடுத்துவிடு என்றார். நாற்பது வருடம் ஓடின முகம், எடுத்தால் போலிச் சரக்கு என்று யாரும் தொட மாட்டார்கள் என்றான் அவன். ஆனால், பெயர்கூடப் போடாமல் ஒரு பெரியவரை ஒட்டிவைத்தது தப்புதான், அதற்கு உரிய மரியாதை செய்துவிடுகிறோம் என்று எழுந்து நின்று கும்பிட்டான். நரசிம்மலு அதை மன்னிப்பு என்று எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார்.

ஆவணி முடிவதற்குள் மரியாதை வந்துவிட்டது. பாட்டிலில் படத்துக்குக் கீழே தங்க எழுத்தில் ‘கோவிந்தராஜுலு’. பின்பக்கம் அவருடைய வரலாறு. ‘வாழ்நாள் முழுவதும் மதுவை எதிர்த்த கொங்கு மாமனிதர்’ என்று, ரம் பாட்டிலில், வரிக்கு வரி நரசிம்மலு சொன்னபடியே அச்சடித்திருந்தார்கள். இதுவரை தாத்தா ஒண்ணு என்று கேட்டவர்கள் இப்போது, “கோவிந்தராஜுலு ஒண்ணு குடுங்க” என்று கேட்டார்கள். வரலாறு உள்ள சரக்கு என்று மற்ற ஊர்களிலும் பெயர் கிளம்பியது. சளி பிடித்தால் மிளகு தட்டிப் போட்டு மிராசு குடித்த குடும்பங்கள் எல்லாம், அப்போதே எங்களுக்குத் தெரியும், அவர் முகத்திலேயே ஒரு களை உண்டு என்று பேசிக்கொண்டன.

அந்தப் பாட்டிலைப் பார்த்த அன்றைக்கு நரசிம்மலு இரண்டு வேளை சாப்பிடவில்லை. மூன்றாவது வேளை யூடியூப்காரனைக் கூப்பிட்டார்.

மைக்கோடு வந்தவனுக்கு எதிரில் ஒரு கையில் தாத்தா படம், மறு கையில் பாட்டில். நரம்பு புடைக்கப் பேசினார். எங்கள் தாத்தா மானத்தைப் பாட்டிலில் அடைத்து விற்கிறார்கள், கேட்க நாதியில்லையா என்று கேட்டார். பேசியது என்னவோ நியாயம்தான். ஆனால் அவருக்கும் அதே மூக்கு, அதே மீசை. கேமராவில் மூன்று முகமும் வரிசையாகத் தெரிந்தது. பேச்சை எவன் கேட்டான்? ‘ரம் தாத்தாவின் பேரன் கையில் ரம்’ என்று தலைப்புப் போட்டு விட்டதில், கோயமுத்தூர் மாவட்டத்தில் அதைப் பார்க்காத செல்போன் இல்லை என்றாகிவிட்டது.

அதன் பிறகு அவரால் வெளியில் தலைகாட்ட முடியவில்லை. பெட்ரோல் பங்கில் ஒருத்தன் செல்ஃபி கேட்டான். பொள்ளாச்சியில் ஒரு கல்யாணத்துக்குப் போனபோது, போதையில் நடக்க முடியாத நிலையில் இருந்த ஒரு பெரிய மனிதர் தடாலென்று காலில் விழுந்து, உங்கள் குடும்பத்தால்தான் நான் இந்த நிலைமைக்கு வந்தேன் என்று அழுதார். அது நன்றியா வசவா என்று நரசிம்மலுவுக்குக் கடைசி வரைக்கும் விளங்கவில்லை. இரண்டில் எதுவாக இருந்தாலும் அடித்திருப்பார். விழுந்து கிடப்பவரை எப்படி அடிப்பது?

வீட்டில் அதைவிட மோசம். பிரத்யுஷா அழவில்லை, கத்தவில்லை. அப்பாவுக்கு எதிரில் வந்து நின்று ஒரு முறைதான் பேசினாள்.

“நீங்க சும்மா இருந்திருந்தா ஒருத்தருக்கும் தெரிஞ்சிருக்காதுப்பா. கம்பெனிக்காரனே தெரியாதுன்னுதானே சொன்னான்? நீங்களே ஊர் ஊராப் போயி எங்க தாத்தா, எங்க தாத்தான்னு சொல்லிப்போட்டு வந்திருக்கீங்க. உங்களுக்குக் கோபம் வந்தா எல்லாரும் அதைப் பார்க்கோணும். என்ர கல்யாணத்தைப் பத்தி யோசிச்சீங்களா?”

சொல்லிவிட்டு அறைக்குள் போனவள் அதற்கப்புறம் அவரோடு பேசவில்லை. மகள் சொன்னதில் ஒரு சொல்கூடத் தப்பில்லை என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

நிச்சயத்துக்கு இரண்டு வாரம் இருக்கும்போது லட்சுமணசாமி போன் செய்தார். நேரில் வாரோம், ஒரு விசயம் பேசோணும் என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார். என்ன விசயம் என்று தெரியாமலா இருக்கிறது? ராமாமணி பூஜை அறையை விட்டு வெளியே வரவில்லை. தாத்தா படத்தைக் கழற்றி மறைத்துவிடலாமா என்று நரசிம்மலு ஆணி வரைக்கும் கையைக் கொண்டுபோனார். அப்புறம் தன்மேலேயே கோபம் வந்து கையை எடுத்துக்கொண்டார்.

காரில் லட்சுமணசாமியும் ரித்விக்கும் மட்டும் வந்து இறங்கினார்கள். லட்சுமணசாமி பத்து வார்த்தை பேசுகிற இடத்தில் ஒரு வார்த்தை பேசுகிறவர். கொடுத்த மோரைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமல் உட்கார்ந்திருந்தார். ரித்விக் தரையைப் பார்த்தான். அறைக் கதவுக்குப் பின்னால் பிரத்யுஷா நிற்கிறாள் என்பது எல்லோருக்கும் தெரிந்தது. நரசிம்மலுவுக்கு அதற்குமேல் பொறுக்கவில்லை. எழுந்து நின்று எல்லாவற்றையும் கொட்டிவிட்டார்.

“மறைக்கறதுக்கு ஒண்ணுமில்லீங்க. பாட்டில்ல இருக்கறது எங்க தாத்தாதான். குடியை எதுத்தவரு. அவரை அதுல ஒட்டுனவனைச் சும்மா உடக் கூடாதுன்னு கெளம்புனேன். நான் செஞ்ச ஒவ்வொண்ணும் திரும்பி வந்து என்ர மூஞ்சியிலயே அடிச்சுது. தப்பு என்னுதுங்க. எம்பொண்ணு மேல ஒரு தப்பும் இல்லை. உங்களுக்குக் கோபம்னா என்னை நாலு வார்த்தை பேசிப்போடுங்க. புள்ளைங்களைப் பிரிச்சுராதீங்க.”

லட்சுமணசாமி மோரைக் கீழே வைத்தார். எழுந்து போய் மாலைக்குள் இருந்த படத்துக்கு எதிரில் நின்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடியும் பார்த்தார். ஜாதகம் பார்த்தபோதுகூட அவர் அவ்வளவு கவனமாகப் பார்த்ததில்லை.

“பாட்டில்ல இருக்கறது இவருதான்னு நிச்சயமாச் சொல்றீங்களா?”

“சத்தியமாங்க.”

“நாளைக்கு வேற ஆராச்சும் வந்து, இல்லை, அது இன்னொருத்தர்னு சொன்னா?”

அடங்கியிருந்த கோபம் நரசிம்மலுவுக்குப் பொத்துக்கொண்டு வந்தது. எவன் வந்து சொல்வான், எங்கள் தாத்தா முகத்துக்குச் சொந்தம் கொண்டாட எவனுக்குத் தைரியம் இருக்கிறது, கோர்ட்டு வரைக்கும் போவேன், அது கோவிந்தராஜுலுதான் என்று எந்தக் கோயிலில் வேண்டுமானாலும் கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்வேன் என்று கத்தினார். பூஜை அறையிலிருந்து ராமாமணி ஓடி வந்துவிட்டார்.

லட்சுமணசாமி முகத்தில் சிரிப்பு வந்தது. அவர் சிரித்து நரசிம்மலு அதுவரை பார்த்ததில்லை. திரும்பி வந்து உட்கார்ந்து மோரை ஒரே மூச்சில் குடித்தார். நிச்சயம் மட்டும் எதற்கு, அந்த முகூர்த்தத்திலேயே கல்யாணத்தையும் முடித்துவிடலாம், தள்ளிப்போட வேண்டாம் என்றார். நரசிம்மலுவுக்கு ஒன்றும் புரியவில்லை. கோபமே இல்லீங்களா என்று கேட்டார்.

லட்சுமணசாமி மகனை ஒரு முறை பார்த்தார். அப்புறம் நரசிம்மலுவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

“பாட்டில்ல இருக்கறது எங்க தாத்தாங்க, சம்பந்தி, அவரு குடிச்ச குடியை மெச்சிக் கம்பெனி மொதலாளி ஆசையா ஒட்டுன படம், எப்ப வெளிய தெரியுமோன்னு நாப்பது வருசமாப் பயந்து செத்துக்கிட்டிருந்தோம், உங்களை உட்டா எங்களுக்கு வேற சம்பந்தம் கெடைக்குமுங்களா?”