பட்டனைத் திட்டினேன், தங்கச்சிக்குக் கேட்டுவிட்டது

உங்களுக்கெல்லாம் வேறு வேலையே கிடையாதா? நான் ராமேசுவரம் போய்வந்த கதையைச் சொன்னால் கொட்டாவி விடுகிறீர்கள். அவமானப்பட்ட கதை என்றால் மட்டும் நகர்ந்து நகர்ந்து பக்கத்தில் வந்து உட்காருகிறீர்கள். சரி, கேட்டுத் தொலையுங்கள். அடுப்பில் பால் இருந்தால் இறக்கிவிட்டு வாருங்கள். பொங்கி வழிந்தபின் என்னைச் சொல்லக் கூடாது.

கல்லலில் எனக்கு ஒரு தங்கச்சி, பஞ்சவர்ணம். நாலு வருஷமாக எங்களுக்குள் பேச்சே இல்லாமல் இருந்தது. தப்பு என்னுடையதுதான். அவள் மகன் கல்யாணத்தில் அவள் வீட்டுக்காரர் புதுப் பல்செட்டை மாட்டிக்கொண்டு வாசலில் நின்று, "வாங்க, வாங்க" என்றார். நான் சும்மா உள்ளே போயிருக்கலாம். "பல்லு வரவேத்துருச்சு, மாப்பிள்ளையோட அப்பா எப்ப வருவாரு?" என்று கேட்டுவிட்டேன். பந்தலே சிரித்தது. அந்த மனிதர் அதற்குப் பிறகு வாயைத் திறக்கவில்லை. கல்யாண ஆல்பம் பூராவும் உதட்டை இறுக்கிக்கொண்டு, போலீஸ் பிடித்துவந்த மாதிரி நிற்கிறார். அன்றைக்கு முறைத்துக்கொண்டு போனவள்தான் பஞ்சவர்ணம்.

நான் இரண்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவள். போர்டை எழுத்துக்கூட்டிப் படிப்பதற்குள் பஸ் போய்விடும். அதனால் போனில் எனக்கு எல்லாமே பேசி அனுப்புவதுதான். மைக்கை அமுக்கிப் பேசினால் போகும், வந்ததைத் தொட்டால் பேசும். போன தீபாவளிக்கு முன்னால் ஒரு நாள் காலையில் அதிரச மாவு பிசைந்துகொண்டிருந்தேன். போனைப் பார்த்தால் பஞ்சவர்ணத்தின் படம். பேசி அனுப்பியிருக்கிறாள்! பாய்ந்து எடுத்துத் தொட்டேன். கோடு ஓடுகிறது, சத்தம் வரவில்லை. சத்தத்தைக் கூட்டுகிற பட்டனை அமுக்கினேன். அசையவே இல்லை. (இரண்டு நாளாகப் பாகுக் கையோடு போனை எடுத்ததில், சத்தத்தைக் குறைக்கிற பக்கம் அமுங்கி ஒட்டிக்கொண்டிருக்கிறது. அப்போது தெரியவில்லை.)

முதலில் காதுதான் போய்விட்டது என்று நினைத்தேன். பக்கத்து வீட்டுச் சரசுவைக் கூப்பிட்டு, "ஏதாவது பேசுடி" என்றேன். அரை மணி நேரம் நிறுத்தாமல் பேசினாள். காது நன்றாகத்தான் இருந்தது.

போனை அவளிடமே கொடுத்துப் பார்க்கச் சொல்லலாம். தங்கச்சி திட்டியிருந்தால்? தெருவுக்கே தெரிந்துவிடும். கல்லலுக்குக் கூப்பிடவும் பயம். வந்திருப்பது சமாதானமா சண்டையா என்று தெரியாமல் எந்தக் குரலில் 'அலோ' சொல்வது?

வைத்தியத்தில் இறங்கினேன். பூட்டு இறுகினால் எண்ணெய்தானே விடுகிறோம்? நல்லெண்ணெய் விட்டேன். ஊக்கால் குத்தினேன். சீலையால் துடைத்தேன். எதற்கும் மசியவில்லை என்றதும் போனை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு பட்டனை வாய்க்கு வந்தபடி திட்டினேன். மதியத்துக்குள் பஞ்சவர்ணத்திடமிருந்து இன்னும் இரண்டு வந்து விழுந்தன. இதற்குமேல் தாங்காது என்று கடைத்தெருவுக்குக் கிளம்பினேன். சரசுவும் செருப்பை மாட்டினாள். (நான் கூப்பிடவில்லை. அவளை யாரும் கூப்பிட வேண்டியதில்லை.)

செல்போன் பழுது பார்க்கிற ஜமீலாவின் கடையில் ஏற்கெனவே நாலு பேர் நின்றார்கள். ஜமீலா போனின் கவரைக் கழற்றி மோந்து பார்த்தாள்.

"என்னம்மா, செல்லுல இனிப்பு வாசம் வருது?"

"எங்க வீட்டு வாசமா இருக்கும்த்தா."

பட்டன் இடுக்கிலிருந்து ஓர் எறும்பு வெளியே வந்தது. பின்னாலேயே அதன் சொந்தபந்தமும் வந்தது.

"எண்ணெய் வேற ஊத்துனீகளா?"

"லேசாத்தான். தாளிக்கிற அளவுக்கு."

அவள் தலையில் அடித்துக்கொண்டு, சின்ன பிரஷ்ஷால் சுரண்டினாள். 'டப்' என்று பட்டன் எழுந்தது. "இப்பக் கேளுங்க" என்று பஞ்சவர்ணம் காலையில் அனுப்பியதைத் தொட்டாள். அந்த நேரம் பார்த்துச் சத்தத்தைக் கூட்டுகிற பக்கம் உள்ளே போய் ஒட்டிக்கொண்டது. சத்தம் ஏறி ஏறி உச்சியில் போய் நின்றது.

"அக்கா, பஞ்சு பேசுறேன். வர்ற வெள்ளிக்கிழமை பேத்திக்குக் காது குத்து. நீ இல்லாம எனக்கு என்ன விசேசம்? பழசை விடு. வந்துரு."

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. கடையில் இருந்தவர்கள்கூட உச்சுக் கொட்டினார்கள். ஆனால் அந்தப் போன் ஒன்று முடிந்ததும் அடுத்ததைத் தானாகவே பேசுமாம். அடுத்து வந்தது என் குரல்! திட்டுகிற வேகத்தில் கட்டைவிரல் மைக்கில் இருந்திருக்கிறது. அது அப்படியே கல்லலுக்குப் போயிருக்கிறது.

"தேவைப்படுற நேரத்துல வாயைத் திறக்க மாட்டியோ? எண்ணெய் போட்டுத் தடவிக் குடுத்தாலும் இறங்கி வர மாட்டே! உள்ளுக்குள்ள பூராம் அழுக்கு! உன்னை ஊருணியில தூக்கிப் போட்டுட்டு புதுசா ஒண்ணு வாங்கிக்கிறேன், போ!"

கடையில் இருந்தவர்கள் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். அடுத்து பஞ்சவர்ணம்.

"யாருக்கு அழுக்கு? புதுசா வாங்குறியா? எந்தக் கடையில தங்கச்சி விக்கிறாக? சொல்லு, நானும் ஒரு அக்கா வாங்கிக்கிறேன், நல்ல வாயாப் பாத்து! வெள்ளிக்கிழமை இந்தப் பக்கம் தலைவச்சுப் படுக்காதே!"

ஜமீலா நிறுத்துவதற்குக் கையை நீட்டினாள். அதற்குள் நான் போனைப் பிடுங்கி முந்தானையில் சுருட்டினேன். (அவளிடம் விட்டிருந்தால் நிறுத்தியிருப்பாள். புத்தி அன்றைக்கு லீவு.) முந்தானைக்குள்ளிருந்து பஞ்சவர்ணம் இன்னும் கணீரென்று பேசினாள்.

"சிங்கப்பூர்ல இருந்த மச்சானுக்கு நீ எழுதுனதா ஊரே மெச்சுதே, அந்தக் கடுதாசி அத்தனையும் எழுதுனது யாரு? 'ஆருயிர் அத்தானுக்கு'ன்னு போட உனக்குத் தெரியுமா? 'ஆ'வுக்கே நீ மூணு நாளு எடுப்பே!"

என் வீட்டுக்காரர் இன்றைக்கும் அந்தக் கடிதங்களைப் பற்றித் தெருவில் பெருமை பேசுகிறவர். சரசுவின் வாய் பிளந்தது. மானம் போகட்டும், வெள்ளிக்கிழமையும் போய்விடுமே! அங்கேயே நின்று கல்லலுக்குக் கூப்பிட்டேன்.

"பஞ்சு, நான் உன்னைத் திட்டலடி, பட்டனைத் திட்டுனேன்!"

"கதை விடாதே. பட்டனை எவளாவது ஊருணியில போடுவாளா?"

ஜமீலா போனை வாங்கினாள். "அம்மா, நான் செல்போன் கடையில இருந்து பேசுறேன். அழுக்கு உங்களுக்கு இல்லம்மா, பட்டனுக்குத்தான். நானே சுரண்டி எடுத்தேன். நல்லெண்ணெய், பாகு, ஏழு எறும்பு."

அந்தப் பக்கம் சத்தமில்லை. பட்டன் மறுபடியும் போய்விட்டதோ என்று போனைத் திரும்ப வாங்கிப் பார்த்தேன். இல்லை. பஞ்சு சிரிக்கும்போது முதலில் மூச்சுதான் வரும், சத்தம் பின்னால்தான் வரும். வந்தது.

"அவுககிட்டக் குடுடி" என்றேன். நாலு வருஷமாகத் தொண்டையில் கிடந்ததை அவள் வீட்டுக்காரரிடம் சொன்னேன். "வாய்த்துடுக்கா பேசிட்டேன், மனசுல வைக்காதீக."

"விடுங்க மதினி. வெள்ளிக்கிழமை வாங்க. சிரிக்க மட்டும் வச்சிராதீக, இப்ப அந்தப் பல்லு ரொம்ப ஆடுது."

ஜமீலா பட்டனை மறுபடி சுத்தம் செய்து போனைக் கையில் கொடுத்தாள். "இனிமே கவரைக் கழட்டிட்டு, காஞ்ச பிரஷ்ஷால மட்டும் தட்டுங்க. எண்ணெயைத் தலைக்கு வைங்க."

காது குத்துக்குப் போய், பிள்ளை வீறிட்ட வீறலில் நானும் சேர்ந்து அழுது, திரும்பும்போது பஞ்சவர்ணத்தையும் கூடவே கூட்டிவந்தேன். இன்றைக்கும் எங்கள் வீட்டில் யாராவது உம்மென்று இருந்தால், "நாலு சொட்டு நல்லெண்ணெய் விடுங்க" என்கிறார்கள் பேரன் பேத்திகள்.

நாங்கள் வந்து இறங்கிய சாயங்காலமே சரசு தெருப் பெண்களைத் திரட்டிக்கொண்டு வந்துவிட்டாள். பஞ்சவர்ணத்தைக் காட்டி, "அப்ப அந்தக் கடுதாசி எல்லாம் இவுக எழுதுனதுதானாக்கா?" என்றாள்.

"ஆமா, எழுதுனது அவதான்" என்றேன். "படிச்சுட்டு அந்த மனுசன் கப்பலேறி ஓடியாந்தது யாரைப் பாக்கன்னு, அதையும் அவகிட்டயே கேளுங்க."