வீட்டைக் காலி செய்யச் சொன்ன வாரம்

தயிர்சாதம் வாய்க்குப் போகும் வழியில் இருந்தபோது அந்த யோசனை உதித்தது. (எனக்கு யோசனை உதித்தால் வீட்டில் உட்கார இடமிருக்காது என்பது அப்போது தெரியாது.)

அலுவலகச் சாப்பாட்டு மேசையில் எதிரே டேனி. யூதர். தங்கள் வேதமான தோராவை அவர்கள் வாரம் ஒரு பகுதியாக வருடம் முழுக்க வாசிப்பார்கள். வெள்ளிதோறும் டேனி அந்த வாரப் பகுதியை எனக்குச் சொல்வார். நான் அதிலிருந்து நவீன வாழ்க்கைக்குப் பாடம் எடுத்துக் காயத்ரிக்குச் சொல்வேன். காயத்ரி என் மனைவி. வேறு யாரும் கேட்பதில்லை.

அந்த வாரம் வந்தது சுவரில் பூஞ்சை பிடித்த வீடு. பச்சையாகவோ சிவப்பாகவோ திட்டு தெரிந்தால் பூசாரி வந்து பார்ப்பார். அதற்கு முன் சாமான் எல்லாம் வெளியே போய்விட வேண்டும்.

கரண்டியைக் கீழே வைத்தேன். சிட்னி மெரிலேண்ட்ஸில் எங்கள் வாடகை வீட்டுப் படுக்கையறைச் சுவர் முழுக்கப் பச்சை. காயத்ரி மாதக்கணக்கில் இருமிக்கொண்டிருந்தாள். வீட்டு ஏஜென்ட்டோ, பீரோவையும் கட்டிலையும் சுவரோடு ஒட்டி வைத்தால் இப்படித்தான் ஆகும் என்று ஒவ்வொரு முறையும் எங்கள் சாமான் மீதே பழி போட்டார். சாமானே இல்லாவிட்டால் எதன் மீது போடுவார்?

ஏஜென்ட் வரவேண்டிய நாள். காயத்ரி ஆஸ்பத்திரி வேலைக்குக் கிளம்பியதும், இரவல் தள்ளுவண்டியில் வீட்டையே உருட்டிக்கொண்டுபோய்ச் சாலையோரப் புல்தரையில் அழகாக அடுக்கினேன்.

ஏஜென்ட் வந்தார். வெறும் சுவரை வெகுநேரம் பார்த்தார். பழி போட ஒரு முக்காலிகூட இல்லை. சுவரில்தான் கோளாறு, ஆள் அனுப்புகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார். மூவாயிரம் வருட ஞானம் வென்றது.

அப்போது பக்கத்து வீட்டு சில்வெஸ்டர் அங்கிள் எட்டிப் பார்த்தார். இலங்கை மன்னார்க்காரர், உதவி என்றால் முதல் ஆள்.

"தம்பி, உங்கட சோஃபாவை ஒருத்தன் வான் வண்டியில ஏத்திக்கொண்டு போட்டான். நானும் ஒரு கை பிடிச்சு விட்டனான்."

"ஏன் அங்கிள்?"

"பாரமாக் கிடந்தது."

"ஃபிரிட்ஜ்?"

"ஓம், அதுக்கும் பிடிச்சனான். எறியத்தானே வச்சனீங்கள்?"

சிட்னியில் புல்தரையில் வைத்தால் வேண்டாத சாமான் என்று அர்த்தம். வேண்டியவர் எடுத்துப் போகலாம். இது எனக்குத் தெரியாததல்ல. அந்த சோஃபாவே எங்களுக்கு அப்படி வந்ததுதான். கிரைண்டர் மட்டும் மிஞ்சியது. அது என்னவென்று யாருக்கும் விளங்கவில்லை போலும்.

மாலையில் காயத்ரி வந்து அறை அறையாகச் சுற்றிப் பார்த்தாள்.

"சுவர்லதான் கோளாறுன்னு ஏஜென்ட் ஒத்துக்கிட்டார்," என்றேன்.

"சுவர்ல மட்டுமா?" என்றாள்.

சுவரைச் சரி செய்தார்கள். இருமலும் நின்றது. இதை நான் எத்தனை முறை எடுத்துச் சொன்னாலும், வீடியோ காலில் மாமியார் இன்றுவரை மாப்பிள்ளையை விசாரிப்பதற்கு முன் கட்டிலைக் காட்டச் சொல்கிறார்.

இந்த வருடம் டேனி அதற்கு அடுத்த பகுதிக்கு வந்துவிட்டார். எல்லோருடைய குற்றங்களையும் ஓர் ஆட்டின் தலையில் ஏற்றி, அதை வனாந்தரத்துக்கு அனுப்பிவிடுவதாம். இன்றைய குடும்பங்களுக்கு இதில் எவ்வளவு பெரிய பாடம் இருக்கிறது, நம் வீட்டிலேயே செய்து பார்க்கலாம் என்று காயத்ரிக்கு விளக்கினேன். முதல் தடவையாக முழுவதும் கேட்டாள்.

"நல்லாத்தான் இருக்கு," என்றாள். "எப்பக் கிளம்புறீங்க?"