குழாயடியில் அதிகாரப் பிரிவினை

உலக அரசியல் சட்ட வரலாற்றில் பொன்னெழுத்துகளில் பொறிக்க வேண்டிய இடங்கள் இரண்டுதான். ஒன்று டில்லி. மற்றொன்று, நெய்வேலியில் எங்கள் பிளாக்கின் பொதுக் குழாயடி.

1967ஆம் ஆண்டு, அடிப்படை உரிமைகளில் கைவைக்கப் பாராளுமன்றத்துக்கு அதிகாரமில்லை என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. பேப்பரில் அதைப் படித்ததும் எங்கள் குடியிருப்போர் நலச் சங்கத்துக்கு ரத்தம் சூடேறிவிட்டது. அன்றைக்கே சங்கத்தை மூன்றாகப் பிரித்தோம். சட்டம் இயற்றப் பொதுக்குழு. தலைவர் அப்துல் கபார். நியாயம் சொல்ல 'நீதிமன்றம்'; நீதிபதி, டிராயிங் ஆபீஸ் சிங்காரவேல். நிறைவேற்ற நிர்வாகம்; செயலாளர், அடியேன் வெள்ளைச்சாமி. ஒருவர் அதிகாரத்தில் மற்றவர் மூக்கை நுழைக்கக் கூடாது. அதற்கு முந்தைய நாள்வரை மூவரும் ஒன்றாகச் சீட்டாடிக்கொண்டிருந்தோம் என்பது வரலாற்றுக்குத் தேவையற்ற செய்தி.

பொதுக்குழுவின் முதல் சட்டம்: 'பொதுக் குழாய், குவார்ட்டர்ஸ்காரர்களுக்கு மட்டும்.' எங்களுக்கு வீட்டுக்கு வீடு குழாய் உண்டு. ஆனாலும் கொள்கை என்று ஒன்று இருக்கிறதல்லவா? நிர்வாகம் திறந்த மனத்துடன் குழாயைத் தகரக் கூண்டால் மூடிப் பூட்டுப் போட்டது.

மறுநாள் காலையில் சாமியம்மாள் இடுப்பில் குடத்துடன் வந்து நின்றாள். மைன்ஸில் கான்ட்ராக்ட் வேலை செய்பவள். பிளாக்குக்கு வெளியே குடிசை. அந்தக் கோடையில் அங்கிருந்த கிணறு வற்றிவிட்டது.

"என்னங்க இது, பூட்டிக் கெடக்குது?"

"சட்டம்மா" என்றேன்.

"மருமவ புள்ள பெத்து எட்டு நாளாவுதுங்க. துணி அலசக்கூட வூட்டுல தண்ணி இல்ல. ஒரு கொடம் புடிச்சிக்கினு போயிடறேன்."

"எனக்கு மனசு இருக்கு, அதிகாரம் இல்லியே. நம்ம கோர்ட்டுல சொல்லு."

சிங்காரவேல் மூன்று மாலைகள் விசாரித்தார். பதினோரு பக்கத் தீர்ப்பு. "தண்ணீர் அடிப்படை உரிமை! அதில் கைவைக்கப் பொதுக்குழுவுக்கு அதிகாரமே கிடையாது!" என்று அவர் முழங்கியபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது.

"அப்ப தொறந்து உடுவீங்களா?" என்றாள் சாமியம்மாள்.

"தீர்ப்புச் சொல்றதோட என் டியூட்டி முடிஞ்சுது. திறக்கறது நிர்வாகம்."

திறந்தால் பொதுக்குழுவுக்கு அவமதிப்பு. திறக்காவிட்டால் நீதிமன்றத்துக்கு அவமதிப்பு. ஆகவே நிர்வாகம் நடுநிலையோடு சாவியைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டது. கபார் உடனே பொதுக்குழுவைக் கூட்டிச் சட்டத்தைத் திருத்தினார்: 'உரிமைகள் மனிதருக்கு உண்டு. மனிதர் எனில், குவார்ட்டர்ஸ் நம்பர் உள்ளவர்.' இந்தத் திருத்தம் செல்லுமா என்பது மாபெரும் கேள்வி. நீதிபதிக்கு ஷிப்ட் மாறியதால் வழக்கு பத்து நாள் தள்ளிப்போயிற்று.

சாமியம்மாள் வேலைக்குப் போகுமுன் ஒன்றரை மைல் நடந்து ஒரு குடம் கொண்டுவந்தாள். அது குடிக்கவே போதவில்லை. அலசாத துணியில் கிடந்து குழந்தைக்கு உடம்பெல்லாம் கொப்புளம்.

பதினோராம் நாள் அவள் கடப்பாரையோடு வந்தாள். இரண்டே போடு. பூட்டு தெறித்தது. குடம் நிரம்பத் தொடங்கியது.

யாரோ கூச்சலிட்டார்கள். ஐந்தே நிமிடம்! நாங்கள் மூவரும் ஆஜர். பூட்டை உடைப்பது குற்றம் என்று கபார் நின்றபடியே சட்டம் இயற்றி, அது நேற்றிலிருந்தே அமல் என்றார். சிங்காரவேல் ஒரு வார்த்தை விசாரிக்காமல் "குற்றவாளி" என்றார். குடம் நிர்வாகத்தின் காலடியில் உருண்டது. தண்ணீர் மண்ணில் ஓடியது. வெறும் குடத்தைப் பறிமுதல் செய்தோம்.

சாமியம்மாள் ஈர மண்ணைப் பார்த்தாள். பிறகு எங்களைப் பார்த்தாள்.

"நான் தண்ணி கேட்டப்ப மூணு பேரா இருந்தீங்க. இப்ப ஒத்த ஆளா வந்து நிக்கிறீங்களே."

ஓடிக்கொண்டிருந்த குழாயில் முந்தானையை நனைத்து, சொட்டச் சொட்டச் சுருட்டிக்கொண்டு குடிசைப் பக்கம் விறுவிறுவென்று நடந்தாள். முந்தானையைப் பறிமுதல் செய்யச் சட்டத்தில் இடமில்லை.

அவள் சொன்னதை நான் மினிட்ஸ் புத்தகத்தில் ஏற்றவில்லை. 'மூன்று அமைப்புகளும் முழு இணக்கத்துடன் செயல்பட்டன. குடம் கவிழ்ந்தது' என்று எழுதிக் கையெழுத்திட்டேன். தமிழ் மிகவும் நல்ல மொழி. 'கவிழ்த்தேன்' என்று எழுத வேண்டியதில்லை. 'கவிழ்ந்தது' என்றாலே போதும்.