சந்தேகச் செம்மலின் இரண்டாவது சிலிண்டர்

எதையும் நம்பாதவர்கள் இத்தனை பேர் ஒரே இடத்தில் கூடி நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். உட்கார இடம் கிடைக்காதவர்கள் சுவரோரம் நின்றார்கள். நிற்க இடம் கிடைக்காதவர்கள் ஜன்னலில் தொற்றிக்கொண்டார்கள். எல்லோர் சட்டையிலும் ‘சந்தேகிகள் சங்கம்’ என்று ஒரு பேட்ஜ். வெளியே வெயில் மண்டையைப் பிளந்தது. மேடைக்குப் பின்னால் கட்டியிருந்த துணியில் ‘பூமி சூடாவது கட்டுக்கதை’ என்று கொட்டை எழுத்தில் எழுதியிருந்தது. அதற்கு மேலே இருந்த ஏசி சற்று நேரம் மக்கர் செய்ததும், அதே கூட்டம் வேர்த்து விறுவிறுத்துக் கூச்சல் போட்டது.

ஏசி ஓடத் தொடங்கிய பிறகுதான் சந்தேகச் செம்மல் மேடையேறினார். அந்தப் பட்டத்தை அவருக்கு யார் கொடுத்தார்கள் என்று யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

“எதையும்...” என்று கையைத் தூக்கினார்.

“நம்ப மாட்டோம்!” என்றது கூட்டம்.

“யாரையும்...”

“நம்ப மாட்டோம்!”

“நான் சொல்றது?”

“உண்மை! உண்மை!”

செம்மலுக்கு மனம் குளிர்ந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“வானத்துல ஓசோன் ஓட்டைன்னு பயமுறுத்தினாங்களே, உங்கள்ல யாராவது அதைப் பாத்தீங்களா?”

“இல்லை!”

“ஓட்டைன்னா ஏதாவது ஒழுகியிருக்கணுமா இல்லையா? நம்ம தலையில ஏதாவது ஒழுகுச்சா?”

கைதட்டல் கூரையைப் பிய்த்தது. மழை எங்கிருந்து வருகிறது என்று அந்த நேரத்தில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

“இப்ப அந்த ஓட்டை சின்னதாயிட்டு வருதாம். அவங்களே சொல்றாங்க! அப்ப மொத்தமும் பொய்தானே? பழைய ஃபிரிட்ஜ் கேஸ் மேல பழியைப் போட்டுத் தடை பண்ணாங்க. அது சாதுவான கேஸ்ங்க, நெருப்பே பிடிக்காது. அதுக்குப் பதிலா எதைக் குடுத்தாங்க தெரியுமா?”

மேடையில் இரண்டு சிலிண்டர்கள் இருந்தன. முதலாவது புதுக் கேஸ். அதன் குழாயை ஒரு தட்டுச் சோப்பு நுரைக்குள் விட்டுக் கொப்பளிக்க வைத்தார். வால்வை மூடிவிட்டு, நீளமான குச்சியில் நெருப்பு வைத்து நுரையைத் தொட்டார். பக்கென்று எரிந்தது. “ஐயோ!” என்று கூட்டம் பின்னால் சாய்ந்தது.

“இதைத்தான் உங்க வீட்டுக்குள்ள கொண்டாந்து வச்சிருக்காங்க! சுவிட்சுல ஒரு பொறி பறந்தா போதும். வீடும் இருக்காது, நீங்களும் இருக்க மாட்டீங்க!”

புது ஃபிரிட்ஜ்களில் அந்தக் கேஸ் கொஞ்சமே கொஞ்சம்தான் இருக்கும், பொறி வெளியே பறக்காத சுவிட்சோடுதான் அவற்றைச் செய்கிறார்கள் என்பதை அவர் சொல்லவில்லை. பிறகு இரண்டாவது சிலிண்டரைத் தட்டிக்கொடுத்தார். வெள்ளைப் பெயின்ட் அடித்த சிலிண்டர். பெயர் ‘ஆதிக்காற்று’. தடை செய்த அதே பழைய கேஸ், அவர் தலைமறைவாக இருந்து காப்பாற்றி வைத்ததாம். அதற்கு விலை கிடையாது, நன்கொடை மட்டும்தான். நன்கொடை விலையைவிடச் சற்று அதிகம்.

முன்வரிசைக்காரர் ஒருவர் மெதுவாக எழுந்தார். “ஐயா, இதுல சமையல் கேஸ் வாசனை அடிக்குதே?”

“பாத்தீங்களா! உங்க மூக்கையே அவங்க எப்படிக் கெடுத்து வச்சிருக்காங்க!”

கேட்டவர் தன் மூக்கை நினைத்து வெட்கப்பட்டு உட்கார்ந்துகொண்டார். இரண்டாவது சிலிண்டரைக் கொளுத்திக் காட்டச் சொல்லி யாரும் கேட்கவில்லை.

கூட்டத்தில் ஒரு மருந்துக்கடைக்காரர் இருந்தார். அவர் கடையின் பின்னறையில் ஆள் உயரத்துக்கு ஒரு பழைய ஃபிரிட்ஜ், உள்ளே முழுக்க இன்சுலின். மனுஷன் படித்தவர், மருந்துச் சீட்டில் இருக்கும் கோழிக் கிறுக்கலையே வாசித்துவிடுவார். ஃபிரிட்ஜில் கேஸ் தீர்ந்துகொண்டிருந்தது. மெக்கானிக் பெட்டியையே மாற்றச் சொல்லியிருந்தார். இவர் ஆதிக்காற்றுக்கு நன்கொடை கட்டிவிட்டு வந்தார். அந்தப் பின்னறைதான் அவர்கள் வீடும். அவர் மகள் படிப்பதும் தூங்குவதும் அந்தப் பெட்டியை ஒட்டித்தான்.

மனைவி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு இன்சுலின் டப்பாக்களை அடுக்கிக்கொண்டே பேசினாள். “என்னங்க, காய்ச்சலுக்கு உங்ககிட்ட மாத்திரை வாங்கிட்டுப் போனவர் திரும்பி வந்து, ‘எனக்குத்தான் காய்ச்சலே இல்லையே, உன் மாத்திரை ஏமாத்து வேலை’ன்னு சொன்னா என்ன சொல்வீங்க?”

“யோவ், மாத்திரையைச் சாப்பிட்டதாலதான்யா காய்ச்சல் போச்சுன்னு சொல்வேன்.”

“உலகமே சேர்ந்து அந்தக் கேஸை நிறுத்துச்சு. ஓட்டை ஆறிட்டு வருது. இதுக்கு மட்டும் ஏன் வேற நியாயம்?”

“இதெல்லாம் உனக்குப் புரியாது” என்றார் அவர். பதில் இல்லாத கணவர்கள் எப்போதும் கைவசம் வைத்திருக்கும் பதில் அது. “யார் எதைச் சொன்னாலும் அப்படியே நம்பிடுற ஆளு நீ.”

“சரி. ரெண்டாவது சிலிண்டரைக் கொளுத்திக் காட்டினாரா?”

“எரியாததை எதுக்கும்மா கொளுத்தணும்?”

மகள் அந்தப் பெட்டியில் முதுகைச் சாய்த்துக்கொண்டு வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். தாய் அவளையும் பெட்டியையும் மாறி மாறிப் பார்த்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை தெருவே கடை வாசலுக்கு வந்துவிட்டது. முதன்முதலாக ஒரு மருந்துக்கடைக்கே ஆதிக்காற்று! செம்மல் பொன்னிறச் சால்வையோடு வேனிலிருந்து இறங்கினார். வழக்கம்போல முதல் சிலிண்டரைக் கொளுத்தினார், வழக்கம்போலக் கூட்டம் ‘ஐயோ’ போட்டது. அவருடைய ஆள் வெள்ளைச் சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு உள்ளே நுழையப் போனபோது, மனைவி வாசற்படியில் குறுக்கே வந்து நின்றாள்.

“ஐயா, எனக்கு ஒரு சந்தேகம்.”

“சந்தேகம்தாம்மா நம்ம சங்கத்தோட உயிர்! கேளுங்க.”

“முதல் சிலிண்டரைக் கொளுத்தினீங்களே, அதே மாதிரி இதையும் கொளுத்திக் காட்டுங்க.”

செம்மலின் சிரிப்பு அப்படியே நின்றது. “இப்ப காத்து பலமா அடிக்குதும்மா.”

“முதல் சிலிண்டருக்கு அடிக்காத காத்தா?”

“அரிய பொருள். வீணாயிடும்.”

“ஒரு தட்டு நுரைதானேய்யா?”

“அம்மா!” செம்மலின் குரல் உயர்ந்தது. “நீங்க என்னையே சந்தேகப்படுறீங்களா?”

கூட்டத்தில் யாரோ களுக்கென்று சிரித்துவிட்டார்கள்.

“உங்க சங்கத்தோட பேரே அதுதானேய்யா?” என்றாள் அவள்.

மருந்துக்கடைக்காரருக்கு முகம் சிவந்தது. “ஊர் முன்னாடி மானத்தை வாங்காதே. உள்ள போ.”

“உள்ளதாங்க போகணும். அங்கதான் நம்ம பொண்ணு இருக்கா. அதுக்குத்தான் கேக்குறேன்.” அவள் வழியை விடவில்லை.

மருந்துக்கடைக்காரர் செம்மலைப் பார்த்துச் சிரித்தார். அவ்வளவு நம்பிக்கை! “ஐயா, நானே கொளுத்திக் காட்டி இவ வாயை அடைச்சிடுறேன்.” நுரைத்தட்டைத் தெரு நடுவில் வைத்தார். வெள்ளைச் சிலிண்டரின் குழாயை அதில் விட்டுக் கொப்பளிக்க வைத்தார். வால்வை மூடிவிட்டு, சிலிண்டரைத் தூர நகர்த்தினார். குச்சியைப் பற்றவைத்துக்கொண்டு திரும்பினால், செம்மல் பின்பக்கமாகவே நடந்து வேனுக்குப் பக்கத்தில் போய்விட்டிருந்தார்.

“எரியாத கேஸுக்கு எதுக்குய்யா அவ்வளவு தூரம் போறீங்க?” என்றாள் மனைவி.

அதற்குள் குச்சி நுரையைத் தொட்டுவிட்டது. முதல் சிலிண்டரைவிட உயரமாக எரிந்தது தீ. மருந்துக்கடைக்காரரின் மீசையில் பாதியைக் கொண்டு போய்விட்டது.

வேன் புறப்படப் பார்த்தது. ஜனங்கள் விடவில்லை. ஒருவர் சாவியால் சிலிண்டரைச் சுரண்டினார். வெள்ளைப் பெயின்ட்டுக்கு அடியிலிருந்து சாதாரணச் சமையல் சிலிண்டர் எட்டிப் பார்த்தது. பழைய கேஸாவது, காப்பாற்றி வைத்ததாவது! அடுப்புக்குப் போக வேண்டியதை ஃபிரிட்ஜுக்குள் அடைத்து விற்றிருக்கிறார். அன்று முன்வரிசையில் மூக்கைப் பற்றி வெட்கப்பட்டவர்தான் இப்போது எல்லோரையும்விடச் சத்தமாகத் திட்டினார்.

மருந்துக்கடைக்காரர் படியில் உட்கார்ந்துவிட்டார். பின்னறையைத் திரும்பிப் பார்த்தார். மகள் பெட்டியில் சாய்ந்தபடியே என்ன சத்தம் என்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஒரு பொறி போதும்னு அந்த ஆளே சொன்னானே” என்றார் மெல்ல.

“சொன்னாரு. எந்தச் சிலிண்டருக்குன்னுதான் சொல்லலை” என்றாள் மனைவி. அவர் பேட்ஜைக் கழற்றி நுரைத்தட்டில் போட்டார்.

இத்தோடு எல்லோருக்கும் புத்தி வந்துவிட்டது என்று நினைத்தால் நீங்களும் அந்தச் சங்கத்தில் சேரத் தகுதியானவர்தான். மறுவாரமே பாதிப் பேர், சிலிண்டரை மாற்றி வைத்தது ஃபிரிட்ஜ் கம்பெனிக்காரன் சதி என்று பேசிக்கொண்டார்கள். செம்மலை மட்டும் அவர்கள் இன்னும் சந்தேகப்படவில்லை.

சந்தேகம் நல்ல குணம்தான் ஐயா. ஆனால் ‘யாரையும் நம்பாதே’ என்று ஒருவன் ஒரு கையில் மைக்கும் மறு கையில் சரக்குமாக வந்து நின்றால், உங்கள் முதல் சந்தேகத்தை அவன் சரக்கிலிருந்தே தொடங்குங்கள்.