மைக்கில் அறிவித்த பைக்

"3.10: ஆரோக்கியசாமி சார் தண்ணீர் குடிக்கப் போனார். 3.20: காளை வந்தது. 3.22: பைக் போயிற்று."

என் பழைய டைரியில், மார்கழி மாதக் கடைசி வெள்ளிக்கிழமைக்கு நேரே இவ்வளவுதான் இருக்கிறது. மழை பிடித்த நேரம், பஸ் தாமதமான நிமிடம் எல்லாவற்றையும் குறித்து வைக்கிறவன் நான். அந்தப் பக்கத்தில் ஆண்டும் உண்டு. சொன்னால் எந்தக் கல்லூரி என்று கண்டுபிடித்துவிடுவீர்கள் என்பதால் அதை மட்டும் மறைத்துக்கொள்கிறேன்.

அப்போது நான் புதுக்கோட்டைக்குப் பக்கத்தில் ஒரு கல்லூரியில் வணிக நிர்வாகத் துறையின் தற்காலிக விரிவுரையாளர். துறையின் மூத்த பேராசிரியர் ஆரோக்கியசாமி சார், ஆவூர்க்காரர். மதியம் டிபன் பாக்ஸைத் திறக்கும்போதே அன்றைய பேப்பரையும் விரித்துவிடுவோம். அட்சய திருதியைக்கு நகைக்கடையில் கூட்டம், கோயில் திருவிழா வளைவில் சிமெண்ட் விளம்பரம், ஆடித் தள்ளுபடி என்று நாங்கள் கட்சி கட்டாத செய்தியே கிடையாது. அவர் எப்போதும் வணிகத்தின் பக்கம். நான் பண்பாட்டின் பக்கம். (என் சம்பளத்துக்கு வேறு எந்தப் பக்கமும் கட்டுப்படியாகாது.)

அந்த வாரம் ஏதோ ஒரு ஊர் ஜல்லிக்கட்டில் ஒரு கம்பெனி கார் பரிசு தருகிறது என்று செய்தி. எங்கள் சண்டை அறையைத் தாண்டி முதல்வர் காதுவரை போய்விட்டது. "இதைப் பசங்க முன்னாடியே பேசுங்க, நானே நடுவரா இருக்கேன்" என்றார். பிறகு என்னைத் தனியே கூப்பிட்டு, "நல்லா தயார் பண்ணுங்க சார். திங்கக்கிழமை கமிட்டி கூடுது. ஒங்க நிரந்தர ஆர்டர் அதுலதான் வருது" என்றார்.

அவ்வளவு போதாதா? நாற்பத்திரண்டு பக்கம் குறிப்பு எழுதினேன். அதுவும் போதாதென்று ஒரு சாட்சியையும் ஏற்பாடு செய்தேன். அப்பாவின் தங்கை வசந்தா அத்தை ஆவுடையார்கோவில் பக்கத்தில் ராசா என்று ஒரு ஜல்லிக்கட்டுக் காளை வளர்த்தாள். பரிசுக்காகக் காளை வளர்ப்பதில்லை என்று அவள் வாயாலேயே சொல்லவைப்பது என் திட்டம்.

"அன்னைக்கித்தான் மருமவனே ராசாவுக்குச் சர்டிபிகேட் வாங்க டாக்டர்கிட்ட வாரேன். அப்புடியே ஒன் காலேசுக்கும் வந்துட்டுப் போறேன்" என்றாள் போனில். 'அப்புடியே' என்றால் காளையோடு என்று எனக்குத் தோன்றவில்லை.

வெள்ளிக்கிழமை மதியம் மினி லாரியில் வந்து இறங்கிய ராசாவை விவாத மேடைக்குப் பின்னால் இருந்த வேப்பமரத்தில் கட்டினார்கள். டிரைவர் காவலுக்கு நின்றார். பிறகு டீ குடிக்கப் போனார்.

நான் முழங்கினேன். "இன்று காளைக்குப் பின்னால் கம்பெனி வருகிறது. நாளை காளையின் மேலேயே விளம்பரம் ஒட்டுவார்கள்! விலைப்பட்டியல் போட்டுவிட்டால் பிறகு பண்பாடு எங்கே?" கைதட்டல். ஆரோக்கியசாமி சார் சாவகாசமாக எழுந்தார். "எங்க ஊர்ல ஈஸ்டருக்கு மாடு விடுறோம். தடுப்புக் கட்டை கட்டணும், டாக்டர் வரணும், ஆம்புலன்ஸ் நிக்கணும். இதுக்கெல்லாம் தம்பியோட நாப்பத்திரண்டு பக்கத்தையா குடுக்க முடியும்?" இன்னும் பெரிய கைதட்டல். நான் அவசரமாகச் சாட்சியைக் கூப்பிட்டேன்.

"அத்தை, ராசா இதுவரைக்கும் ஒங்களுக்கு என்ன குடுத்துச்சு?" பாசம், பெருமை என்று சொல்வாள் என எதிர்பார்த்தேன்.

"ரெண்டு பீரோ, மூணு கட்டில், ஏழு ஃபேனு. வீட்டுல வைக்க எடமில்ல மருமவனே."

சிரிப்பு அடங்க இரண்டு நிமிடம் ஆனது. அந்தச் சிரிப்பில்தான் ஆரோக்கியசாமி சார் தொண்டையைச் செருமிக்கொண்டு தண்ணீர் குடிக்க எழுந்து போனார். நான் பத்து நிமிடம் போராடி வாதத்தைத் தூக்கி நிறுத்தினேன். "பரிசு அறிவித்தால்தான் மாடு பிடிப்பேன் என்பவன் வீரனே அல்ல!" என்று முடித்தபோது, மேடையின் இடது பக்கம் ராசா நின்றது. கழுத்துக் கயிறு தரையில் புரண்டது.

மாணவர்கள் சிதறினார்கள். நான் நடுவர் மேசைமேல் இருந்தேன். எப்படி ஏறினேன் என்று டைரியிலும் குறிப்பில்லை. "சார், அந்த ஓரத்துல எனக்கும் எடம் இருக்கா?" என்று கீழேயிருந்து ஒரு குரல். முதல்வரைக் கையைப் பிடித்து மேலே இழுத்தேன். மைக் மட்டும் என் கையை விட்டு நழுவவில்லை. நழுவியிருக்கலாம்.

"யாராச்சும் பிடிங்கப்பா! பிடிக்கிறவங்களுக்கு என் புது பைக்கு!"

ஸ்பீக்கர் நான்கு திசையும் அதைச் சொன்னது. மூன்று மாதச் சம்பளத்தை முன்பணமாகக் கட்டி வாங்கிய பைக். ஓட்டத் தொடங்கி மூன்றாவது வாரம்.

மேடைக்குப் பின்னாலிருந்து துண்டால் வாயைத் துடைத்தபடி வந்த ஆரோக்கியசாமி சார், இன்னொரு மைக்கை எடுத்து நிதானமாகச் சொன்னார்: "நடுவர் அவர்களே, எதிரணி நண்பர் எங்க கட்சிக்கு வந்துட்டதால என் வாதத்தை இத்தோட முடிச்சுக்கிறேன்."

அத்தை எழுந்து நடந்தாள். "ஏய் ராசா, என்னடா ஆட்டம்? இங்கிட்டு வாடா." காளை போய் அவள் தோளில் முகத்தை வைத்துக்கொண்டது. ஒரு கையால் அதைத் தடவிக்கொண்டே, மறு கையை மேசையை நோக்கி நீட்டினாள்.

"சாவி?"

"அத்தை, அது ஒங்க மாடு..."

"மைக்குல சொன்னது சொன்னதுதான். வாடிவாசல்ல சொல்லிட்டுக் குடுக்காம போனா ஊர்ல மதிப்பாகளா?"

கொடுத்தேன். திங்கள்கிழமை கமிட்டியை நினைத்து இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. செவ்வாய்க்கிழமை நிரந்தர ஆணை வந்தது. முதல்வர் தன் கையால் எழுதிய பரிந்துரையில் 'நெருக்கடி நேர நிர்வாகத்தில் சிறந்தவர்' என்று இருந்தது. மேசையில் இடம் கொடுத்ததை அவர் மறக்கவில்லை.

அத்தை ஒரே மாதத்தில் பைக் ஓட்டப் பழகினாள். ராசா வயதாகிப் போய்ச் சேர்ந்துவிட்டது, பைக் இன்னும் புல்லுக்கட்டு ஏற்றுகிறது. எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும், "இவுகதான் எனக்கு ஸ்பான்சரு" என்று என்னை அறிமுகம் செய்கிறாள். என் அண்ணன் பிள்ளைகளுக்குக்கூட இப்போது நான் சித்தப்பா இல்லை, ஸ்பான்சர்.

ஒன்று மட்டும் பாக்கி. அன்று கயிறு அறுந்திருக்கவில்லை, முடிச்சு அவிழ்க்கப்பட்டிருந்தது. குடிதண்ணீர்க் குழாயோ அந்த வேப்பமரத்திலிருந்து நாலடி தூரத்தில். ஓய்வு பெற்று ஆவூரில் இருக்கும் ஆரோக்கியசாமி சாரைப் பார்க்கப் போகும்போதெல்லாம் பேப்பரை விரித்துச் சண்டை போட்டுவிட்டு, கடைசியில் இதைக் கேட்பேன். "அன்னைக்கி எனக்கு ரொம்பத் தாகம், தம்பி" என்பார், ஒவ்வொரு முறையும் அதே முகத்தோடு.

ஆகவே, காளையை அவிழ்த்தது யார் என்பது இதுவரை உறுதி செய்யப்படவில்லை. 3.10 என்ற வரிக்குப் பக்கத்தில் நான் பென்சிலால் போட்ட கேள்விக்குறி அப்படியேதான் இருக்கிறது.