குறுக்குக் காற்றுதான் குற்றவாளி

வியன்னாவில் வைத்தியராக இருக்கும் மதிப்பிற்குரிய மைத்துனர் ஸ்வெதோஸார் அவர்களுக்கு, சாச்சாக்கிலிருந்து உம்முடைய அக்காள் புருஷன் வுகாஷின் எழுதிக்கொண்டது. இங்கே நானும் உம் அக்காள் ல்யூபிங்காவும் நலம். உம்முடைய நலத்தில்தான் எனக்குச் சந்தேகம். ஜன்னலைத் திறந்துபோட்டுத் தூங்குகிற மனுஷன் எத்தனை நாள் நலமாக இருக்க முடியும்?

போன வருஷம் எங்கள் வீட்டுக் குலப் புனிதர் திருநாள் விருந்தில், பன்றி வறுவல் மேஜைக்கு வந்த நேரமாகப் பார்த்து, எதிரெதிர் ஜன்னல் இரண்டையும் திறந்துவிட்டு, "குறுக்குக் காத்து யாரையும் கொன்னதில்ல அத்தான், நீங்க படிச்சவர்தானே?" என்று கேட்டீர். சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் சிரித்தார்கள். குறுக்குக் காற்று ஆளைக் கொல்லும் என்று நம் ஊரில் குழந்தைக்குக்கூடத் தெரியும்; நான் காதில் பஞ்சை வைத்துக்கொண்டு வறுவலைத் தின்றேன். இன்று பதில் சொல்கிறேன்.

எங்கள் ஆய்வுக்கூடத்தில் பிளம்ஸ் சாராயம் சோதிக்கும் பழைய கருவி உமக்குத் தெரியும். ஊசியால் ஒரு சொட்டு ஏற்றினால், அதை ஆவியாக்கி, கூறுகூறாகப் பிரித்து, கடைசியில் ஹைட்ரஜன் சுடரில் எரித்து, ஒவ்வொரு சரக்குக்கும் திரையில் ஒரு முகடு காட்டும். திங்கட்கிழமை வந்து பார்த்தால் முகடுகளைக் காணோம். நச்சு மெத்தனாலின் முகடு மட்டுமில்லை, சாராயத்தின் முகடே இல்லை, செத்தவன் நாடி மாதிரி கோடு நேராகப் போகிறது. இயக்குநர் எட்டிப் பார்த்து, "என்னய்யா, சாராயத்துல சாராயமே இல்லையா?" என்றார். வியாழன் மதியத்துக்குள் சரியாகாவிட்டால் மாதிரிகளை பெல்கிரேடுக்கு அனுப்பிவிட்டுக் கூடத்தையே இழுத்துப் பூட்டப்போவதாகவும் சொல்லிவிட்டுப் போனார். நானும், கூட வேலை பார்க்கும் வேதியியல்காரி தெசாங்காவும் உடனே கருவியைப் பிரித்தோம். ஊசியை மாற்றினோம், ஊசி குத்தும் ரப்பரை மாற்றினோம், பிரிக்கிற நீளக் குழலின் நுனியை வெட்டிப் பார்த்தோம், ஒன்றும் வேலைக்காகவில்லை. ஹைட்ரஜன் சுடர் கண்ணுக்குத் தெரியாது என்பதால், வியாழன் காலை, சுடர் வாய்க்கு மேலே பளபளப்பான கரண்டி ஒன்றைப் பிடித்தேன். சுடர் எரிந்தால் அதில் ஆவி படியணும், படியலை. சுடர் அணைஞ்சு கிடக்கு! ஏற்றினேன், அணைந்தது. மறுபடி ஏற்றினேன், மறுபடி அணைந்தது. நிமிர்ந்து பார்க்கிறேன் மச்சான், வெக்கையென்று தெசாங்கா திறந்துவைத்த ஜன்னல் இந்தப் பக்கம், திறந்த கதவு அந்தப் பக்கம்! எனக்குப் புல்லரித்துப்போச்சு. ஒரு பொட்டு ஓட்டை விடாமல் அடைக்கச் சொல்லி அவளைப் பின்சுவர்ப் பக்கம் விரட்டினேன். ஜன்னலைச் சாத்தி, கதவிடுக்கில் என் கோட்டைச் செருகிவிட்டு ஏற்றினேன். நின்னுச்சு! கரண்டியில் ஆவி. சொட்டை ஏற்றினேன். மெத்தனால் சின்னதாக எழும்பியது, பின்னாலேயே சாராயம் மலையாக எழும்பியது. இயக்குநர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். கூடம் பிழைத்தது.

ஆகவே மச்சான், சுடரையே கொல்லும் காற்று மனுஷனைச் சும்மா விடுமா? வரும் விருந்தில் நீர் எழுந்து நின்று, எல்லார் முன்னாலும் மன்னிப்புக் கேட்டு, ஜன்னலை உம் கையாலேயே சாத்தவேண்டும்.

உமக்கும் குழந்தைகளுக்கும் நீண்ட ஆயுளும், ஈரத்தலையோடு வெளியே போகாத புத்தியும் கிடைக்கட்டும்.

இப்படிக்கு,
வுகாஷின்

பி.கு.: உறையை ஒட்டப்போகும்போது தெசாங்கா வந்தாள். "சார், காஸ் குழாய் உள்ளே வர்ற பின்சுவர் ஓட்டையில ஸ்வெட்டரைத் திணிச்சது யாரு? ஹைட்ரஜன் குழாய் அதுல மாட்டி மடங்கிக் கிடந்துச்சு. நான் நிமித்திவிட்டப்புறம்தான் சுடர் நின்னுச்சு." ஸ்வெட்டர் என்னுடையது. அந்த ஓட்டை வழியாக முதுகில் காற்று அடிக்கிறதே என்று வெள்ளிக்கிழமை நான்தான் திணித்தேன். எதற்கும் சோதித்துவிடுவோம் என்று ஜன்னலையும் கதவையும் அகலத் திறந்து, நடுவில் நின்று பார்த்தேன். சுடர் அசையக்கூட இல்லை. என் கழுத்துதான் பிடித்துக்கொண்டு, இடப்பக்கம் திரும்பமாட்டேன் என்கிறது. ஆகவே மேலே சுடரைப் பற்றி எழுதியதை மட்டும் அடித்துவிடவும். மன்னிப்பு அப்படியே இருக்கட்டும்.