சாம்பிள் சரியில்லை

ஆராய்ச்சி வழிகாட்டிகளில் ஓர் இனம் உண்டு; நீங்களும் பார்த்திருப்பீர்கள். தான் எதிர்பார்த்த கோடு வரைபடத்தில் வந்தால் அது இயற்கை. வராவிட்டால் மாணவியின் கைக்குற்றம். சமயநல்லூர் பக்கம் ஒரு கல்லூரியில் இயற்பியல் துறைத் தலைவராக இருந்த இன்பசேகரன் இந்த இனத்தில் அசல். ஆய்வகத்து ஸ்டூல்களை மொசைக் கோட்டோடு ஒட்டி நிறுத்துவார், கிறிஸ்துமஸ் கேக்கை ஸ்கேல் வைத்து வெட்டுவார், யார் எதைக் கொண்டுவந்து நீட்டினாலும் பார்ப்பதற்கு முன்பே "சாம்பிள் சரியில்லை" என்பார். பார்த்த பிறகும் அதையேதான் சொல்வார்.

தொண்ணூறுகளின் கடைசியில் இவரிடம் மாட்டிக்கொண்ட ஆராய்ச்சி மாணவி ஹம்சவேணி. டாண்டலம் என்ற உலோகமும் கந்தகமும் சேர்ந்த படிகங்களைக் குளிரவைத்து மின்தடை அளப்பது அவள் வேலை. சுத்தமான படிகத்தில், குளிர் ஏற ஏற எலக்ட்ரான்கள் அலையலையாக அணிவகுத்து நிற்கும். சாருக்கு அந்த அணிவகுப்பு என்றால் உயிர். ஒருநாள் கரண்ட் போய், படிகம் வளர்க்கும் உலை பாதியில் அணைந்ததில், அணுக்கள் கண்டபடி இடம் மாறிய படிகம் ஒன்று வந்து சேர்ந்தது. அதையும் விடாமல், கடுங்குளிரில் அளக்கும் வசதி இருந்த பெங்களூருக்கு ரயிலேறிப் போய் அளந்தாள். உள்ளே அணிவகுப்பு குலைந்திருந்தது. குலைந்ததுதான் தாமதம், எலக்ட்ரான்கள் ஜோடி சேர்ந்து தடையே இல்லாமல் ஓடின. மின்தடை பூஜ்யம்! ஹம்சவேணிக்குச் சந்தோஷத்தில் சாப்பாடு இறங்கவில்லை. உதவித்தொகை அந்த வருஷத்தோடு முடிகிறது. பட்டம் வாங்க இந்த ஒரு முடிவு போதும்.

"வயர் ஷார்ட் ஆகியிருக்கும்மா."

"திரும்பத் திரும்ப மாத்தி மாட்டிப் பாத்தேன் சார். அதேதான் வருது."

"அப்ப சாம்பிள் அழுக்கு. அழுக்குல வர்றதெல்லாம் பிசிக்ஸ் இல்ல. கொட்டிட்டு ஒழுங்கான படிகம் செஞ்சு கொண்டா."

"தடை இம்புட்டுத் தெளிவா விழுதே சார்."

"தப்பு தெளிவா இருக்குன்னு அர்த்தம்."

படிகம் அமிலத்தில் கரைந்தது. சுத்தமான படிகம் செய்து செய்தே உதவித்தொகையும் கரைந்தது. ஹம்சவேணி பட்டமில்லாமல் அவனியாபுரத்தில் ஒரு மெட்ரிகுலேஷன் பள்ளியில் ஒன்பதாம் வகுப்புக்கு ஓம் விதி நடத்தப் போனாள்.

சில வருஷம் கழித்து, வெளிநாட்டில் யாரோ வேண்டுமென்றே படிகத்தை ஒழுங்கு குலைத்து, மின்தடை பூஜ்யமாவதைக் கண்டதாகக் கட்டுரை வந்தது. அடுத்த கருத்தரங்கிலேயே இன்பசேகரன் எழுந்து, "இதை நாங்க அப்பவே பாத்துட்டோம்" என்றார், கூசாமல். சாம்பிளைக் காட்டுங்கள் என்றார்கள். மறுநாள் பள்ளிக்கூடத்துக்குப் போன் வந்தது.

"அந்த அழுக்கு சாம்பிளை எங்கம்மா வச்சிருக்க?"

"நீங்கதான சார் கொட்டச் சொன்னீங்க."

"சொன்னா அப்படியே கொட்டிர்றதா? ஒரு துண்டு எடுத்து வைக்கணும்னு தோணலையா?"

ஹம்சவேணி போனை வைத்துவிட்டு வகுப்புக்குப் போனாள்.

சிரிக்கிறீர்கள். நல்லது. நேற்று உங்கள் மகள், நீங்கள் நினைத்திருந்ததற்கு மாறாக ஏதோ சொல்ல வாயெடுத்தாள். முடிப்பதற்குள் "அதெல்லாம் இருக்காது" என்று சொல்லி அனுப்பிவிட்டீர்கள். அவள் என்ன சொல்ல வந்தாள் என்று உங்களுக்குத் தெரியுமா?